பரிசு வேண்டாம், பாக்கியைக் கொடு!

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு பெண்கள் அணிகள் கால்பந்து மைதானத்தில் வெற்றிக் கொடி நாட்டின. ஜூலை 5-ந் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், நம் நாட்டுப் பெண்கள் அணி தாய்லாந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து, ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஜூலை 26-ந் தேதி மொராக்கோவின் ரபாத் நகரில் நைஜீரியப் பெண்கள் அணி, முதலில் இரண்டு கோல் வாங்கிப் பின்தங்கி நின்று, பிறகு மூன்று கோல் போட்டு, ஆப்பிரிக்கக் கோப்பையைப் பத்தாவது தடவையாகக் கைப்பற்றியது.

உடனே பாராட்டு மழை கொட்டியது. பிரமுகர்கள் அறிக்கை விட்டார்கள். பதவியில் இருப்போர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் புதல்விகள் என்று புகழ்ந்தார்கள்.

நல்லது, நாமும் பாராட்டுகிறோம். பாராட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம்: இந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?

ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் படிக்கும் பத்திரிகையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஐயா, இது பந்தாட்டக் கதை அல்ல. வேலை வாங்கிக்கொண்டு கூலியை நிறுத்தி வைத்தவர்களின் கதை. கூலியைக் கேட்டு உட்கார்ந்த பெண்களின் கதை. பஞ்சப்படிக்கும் போனசுக்கும் ஆலை வாசலில் உட்கார்ந்தவனுக்கும், அறுப்புக் கூலிக்காகக் களத்து மேட்டில் நெல்லை அள்ளவிடாமல் நின்றவளுக்கும் இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டல் அறையில் உள்ளிருப்பு

நைஜீரியா மேற்கு ஆப்பிரிக்காவிலே எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு. நம்மைப்போலவே வெள்ளைக்காரன் காலடியில் கிடந்து, 1960-இல் விடுதலை பெற்றது. அந்த நாட்டுப் பெண்கள் அணிக்குச் சூப்பர் பால்கன்ஸ் என்று பெயர். பால்கன் என்றால் வல்லூறு. பெண்களுக்கான உலகக் கோப்பை 1991-இல் தொடங்கியது. அன்று முதல் 2023 வரை நடந்த ஒன்பது உலகக் கோப்பைகளிலும் ஒன்று தவறாமல் ஆடிய அணி அது.

இப்படிப்பட்ட அணியை அந்நாட்டுச் சம்மேளனம் எப்படி நடத்தியது தெரியுமா?

2004-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில் அவர்கள் ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆனார்கள். கோப்பை கிடைத்தது, பேசிய போனஸ் கிடைக்கவில்லை. பணம் வரும்வரை ஓட்டலைவிட்டு அசைய மாட்டோம் என்று மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

2016 டிசம்பரில் கேமரூன் நாட்டில், கேமரூன் அணியையே வென்று மறுபடியும் கோப்பை. மறுபடியும் பாக்கி. தலைநகர் அபுஜாவின் ஓட்டலில் மறுபடியும் உள்ளிருப்பு. இம்முறை அறைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. கோஷ அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கே ஊர்வலமாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பணம் வந்தது.

2019-இல் பிரான்சில் உலகக் கோப்பை. ஜெர்மனியிடம் தோற்று வெளியேறியவர்கள், 2016, 2017-ஆம் ஆண்டு ஆட்டங்களுக்கே பாக்கி நிற்கிறது என்று சொல்லி, அங்கேயும் ஓட்டலிலே உட்கார்ந்தார்கள். 2022-இல் மொராக்கோவில் போனஸ் வராததால் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். 2023-இல் ஆஸ்திரேலிய மண்ணில் ஆஸ்திரேலியாவையே 3-2 என்று வென்றார்கள். இங்கிலாந்தைக் கடைசிவரை கோல் போடவிடாமல் நிறுத்தி, பெனால்டி உதையில்தான் தோற்றார்கள். உலகமே வியந்தது. அடுத்த நாளே, 2021 முதல் அவர்களுக்குப் பாக்கி நிற்கிறது என்று உலகக் கால்பந்து வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ அறிவிக்க நேர்ந்தது.

ஒரு தடவை பாக்கி நின்றால் தவறுதல் என்று சொல்லலாம். 2004-இல் பாக்கி, 2016-இல் பாக்கி, 2019-இல், 2022-இல், 2023-இல் பாக்கி. இதற்குப் பெயர் தவறுதலா? இது நிர்வாகத்தின் நடைமுறை!

ஜெயிப்பார்கள் என்று நினைக்கவில்லையாம்!

2016-இல் நைஜீரிய விளையாட்டு மந்திரி ஒரு சமாதானம் சொன்னார். தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த அணி ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் பணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்போம் என்ற பொருளில் பேசினார் அந்தக் கனவான். ஏற்கெனவே ஏழு தடவை ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்த அணியைப் பற்றிய பேச்சு இது!

இந்த நியாயத்தை நம் வயற்காட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மரவள்ளி இத்தனை மூட்டை காணும் என்று நான் நினைக்கவில்லை, ஆகையால் பிடுங்கிய ஆளுக்குக் கொடுக்கப் பணம் எடுத்து வைக்கவில்லை என்று காட்டுக்காரர் சொன்னால் ஏற்பீர்களா? விளைச்சல் குறைந்தால், நஷ்டம், கூலி இல்லை. விளைச்சல் கூடினால், எதிர்பார்க்கவில்லை, கூலி இல்லை! எந்தப் பக்கம் திருப்பினாலும் உழைத்தவன் வெறுங்கையோடு திரும்பும்படி செய்து வைத்த கணக்கு இது.

நமக்கும் இது புதிதல்ல. 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை செய்தவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி வராமல் நின்றதே, மறந்தா போயிற்று? டில்லியைக் கேட்டால் ஒரு பதில், சென்னையைக் கேட்டால் ஒரு பதில். ஏரி வெட்டிய கிழவிக்கு ஓட்டல் அறை இல்லை. ஊராட்சி அலுவலக வாசல்தான் இருந்தது. வேறு என்ன வித்தியாசம்?

தர்மம் வேறு, கூலி வேறு

2025 வெற்றிக்குப் பிறகு நைஜீரிய ஜனாதிபதி ஒரு காரியம் செய்தார். ஆட்டக்காரி ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள பணம், மூன்று படுக்கையறை கொண்ட வீடு, தேசிய விருது. மாநில கவர்னர்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கு ஒரு கோடி நைரா என்றார்கள்.

அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை. அவர்கள் வியர்வைக்கு அதுவும் தகும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே ஜூலை மாதம் 30-ந் தேதி நைஜீரியாவின் செவிலியர்கள் ஊதியப் படிகளுக்காகவும் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கக் கோரியும் ஏழு நாள் எச்சரிக்கை வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கோப்பை தூக்கியவளுக்கு அள்ளிக் கொடுக்கும் கை, நோயாளியைத் தூக்கியவளுக்கு ஏன் மூடிக்கொள்கிறது என்று அந்நாட்டு மக்களே கேட்டார்கள்.

இதுதான் சூட்சுமம். பரிசு கொடுப்பவன் நினைத்தால் கொடுப்பான், நினைக்காவிட்டால் இல்லை. படம் எடுக்கும் நாளில் கொடுப்பான். மற்ற நாளில் கதவைச் சாத்துவான். கூலி அப்படியல்ல. அது ஜெயித்தாலும் தோற்றாலும் கொடுத்தாக வேண்டியது. கூலி உரிமை, பரிசு தயவு. உரிமையைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் தயவைக் காட்டிப் பெயர் வாங்குகிறார்கள். தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வருஷம் முழுதும் குறைந்தபட்சக் கூலியில் கை வைக்கும் முதலாளியை நமக்குத் தெரியாதா?

தென்னாப்பிரிக்கக் கதையையும் கேளுங்கள். 2022-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணி அது. 2023 ஜூலையில், உலகக் கோப்பைக்குப் புறப்படும் நேரத்தில், ஊதிய ஒப்பந்தம் சரியில்லை, ஆடச் சொன்ன மைதானம் காலை முறிக்கும் மைதானம் என்று சொல்லி, போட்ஸ்வானாவுடன் நடக்க இருந்த ஆட்டத்தில் இறங்க மறுத்தார்கள். சம்மேளனம் என்ன செய்தது? 13 வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட கிடைத்தவர்களைத் திரட்டி மைதானத்தில் இறக்கியது. 5-0 என்று தோற்றது அந்த அவசர அணி. வேலைநிறுத்தத்தை உடைக்கக் கங்காணியை ஊர் ஊராக அனுப்பி ஆள் பிடிக்கும் வித்தை பந்து மைதானத்துக்கும் வந்துவிட்டது! கடைசியில் சுரங்க முதலாளி ஒருவரின் அறக்கட்டளை 60 லட்சம் ராண்டு கொடுத்துத் தகராறைத் தீர்த்தது. அந்த முதலாளி யார்? ஆப்பிரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவரே அவர்தான். சம்மேளனங்கள் கொடுக்க வேண்டிய கூலி, தலைவரின் தர்மக் கணக்கில் எழுதப்பட்டது. போராடிய பெண்களோ அதன் பிறகு உலகக் கோப்பைக்குப் போய் இத்தாலியை 3-2 என்று வென்று காட்டினார்கள். கூலி கேட்டால் ஆட்டம் கெடும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆலையில் பிறந்த ஆட்டம்

பெண்ணுக்குப் பந்தாட்டம் ஏற்றதல்ல என்ற பேச்சு எங்கே பிறந்தது? நம் பாட்டிமார் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்திலே கோட்டுப் போட்ட கனவான்கள் தீர்மானம் போட்டுச் சொன்னது.

முதல் உலக யுத்த காலத்தில், பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் தொழிற்சாலையில் வெடிமருந்துச் சாமான்கள் செய்யப் பெண்களைச் சேர்த்தார்கள். அந்தத் தொழிலாளிப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் பந்தை உதைக்கத் தொடங்கி, ஓர் அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் கூடினார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஆடி நிதி திரட்டினார்கள். 1921-இல் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் பந்தாடின.

அதே 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் கூடியது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானித்து, தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்களை ஆடவிடக் கூடாது என்று தடை போட்டது. வசூலான பணத்தில் செலவுக்கு அதிகம் எடுக்கப்படுகிறது என்றும் குறை சொன்னது. வேலை நேரத்தை இழந்து, ரயில் ஏறி வந்து ஆடும் கூலிக்காரி வழிச்செலவு வாங்கியதுகூடக் கண்ணை உறுத்தியது! சுமார் 50 ஆண்டுக் காலம் அந்தத் தடை நீடித்தது.

யுத்தத்துக்குக் குண்டு செய்யலாம். அப்போது பெண்ணின் உடம்பு பலவீனமில்லை. பந்தை உதைத்தால் மட்டும் பலவீனமாகிவிடுமாம்! ஜவ்வரிசி ஆலையில் விடியற்காலை முதல் கிழங்குத் தோல் சீவும் பெண்ணுக்கு, தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறும் பெண்ணுக்கு உடம்பு தாங்குமா என்று எந்தக் கனவான் கவலைப்பட்டார்?

நம் நாட்டுக் கதை

இனி நம் வீட்டு லட்சணத்தைப் பார்ப்போம். 1975-இல் இந்தியப் பெண்கள் கால்பந்து சம்மேளனம் தனியே அமைந்தது. ஆண்களின் சம்மேளனம் அப்போது இந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருந்தும், 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1981-இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடி இரண்டாம் இடம். வங்காளத்தின் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஆசியாவிலே இரண்டாவது அணி! அதை என்ன செய்தார்கள்? அதன் பிறகு பல ஆசியப் போட்டிகளுக்கு அணியே போகவில்லை. 1990-களின் துவக்கத்தில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தையும் தன் கையில் எடுத்தது. பலன்? 2009-இல், 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை என்று, ஃபிஃபா என்னும் உலகச் சம்மேளனம் தன் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியப் பெண்கள் அணியின் பெயரையே எடுத்துவிட்டது. ஆண்களுக்கு 1996-இல் தேசிய லீக் வந்தது. பெண்களுக்கு லீக் வந்தது 2017-இல். 21 ஆண்டு இடைவெளி! அதுவும் முதல் சில ஆண்டுகள், ஓர் ஊரில் கூட்டிச் சில வாரங்களில் முடித்து அனுப்பிவிடும் லீக். வருஷத்தில் சில வாரம் வேலை கொடுத்துவிட்டு, மீதி மாதங்களில் பிழைப்புக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை.

2022-ஆம் ஆண்டு மட்டும் என்னென்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் மும்பைப் பக்கத்தில் ஆசியக் கோப்பை; நம் நாடே நடத்தியது. ஈரானுடன் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் அணியிலே கொரோனா பரவி, 13 பேர்கூடத் தேறவில்லை. போட்டியிலிருந்து விலகியதாக எழுதி அனுப்பிவிட்டார்கள். உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பும் அதோடு போயிற்று. தங்கவைத்த ஓட்டலின் ஊழியர்களிடமிருந்தே தொற்று வந்திருக்கும் என்று பயிற்சியாளர் பகிரங்கமாகக் குறை சொன்னார்.

ஆகஸ்டில் வேறு கூத்து. காலம் முடிந்தும் நாற்காலியை விடாத சம்மேளன நிர்வாகிகளை மே மாதம் சுப்ரீம் கோர்ட் அகற்றி, நிர்வாகக் குழு ஒன்றை நியமித்திருந்தது. வெளியார் தலையீடு என்று காரணம் சொல்லி ஃபிஃபா இந்தியாவையே தடை செய்தது. கேரளத்தின் கோகுலம் கிளப்புப் பெண்கள் ஆசியக் கிளப்புப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகரில் போய் இறங்கியிருந்த நேரம் அது. ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். சில நாளில் தடை நீங்கியது; போட்டியோ முடிந்துபோயிருந்தது. நாற்காலிச் சண்டை யாருக்கு, தண்டனை யாருக்கு?

அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. இந்திய அணியின் தலைவி, ஜார்கண்டின் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண் அஸ்தம் ஓரான். அவரது வெற்றியைக் கௌரவிக்க அவர் வீட்டுக்குச் சாலை போடும் வேலை தொடங்கியது. அந்தச் சாலையில் மண் சுமந்த நாள் கூலிகள் யார்? அவருடைய தாயும் தந்தையும்! மகளின் புகழுக்குப் போட்ட பாதையில் பெற்றோர் கூலிக்குக் கல் சுமந்தார்கள். இதற்கு மேல் நாம் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டியதில்லை.

கூலிப் பிரச்னையோடு மானப் பிரச்னையும் உண்டு. 2024 மார்ச்சில் கோவாவில், லீக் ஆட வந்த இரண்டு பெண்கள், சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் குடித்துவிட்டு வந்து தங்களை அடித்ததாகப் புகார் கொடுத்தார்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது. சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. புகார் கொடுக்கத் துணிந்த இருவரை நாடு அறிந்தது. வாய் மூடிக் கிடப்பவர்கள் எத்தனை பேரோ!

தமிழ்நாட்டுப் பெண்கள்

தமிழ்நாட்டுப் பெண்கள் இந்த ஆட்டத்தில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், பெண்கள் கால்பந்தின் கோட்டை எனப்படும் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனார்கள். 2019 மே மாதம் மதுரையின் சேது அணி லூதியானாவில் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் தேசியச் சாம்பியன் பட்டம். கடலூர் மாவட்டத்திலிருந்து மட்டும் இந்திய அணிக்கு இந்துமதி கதிரேசன் போனார், அரசு விடுதியில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் போனார்.

ஆனால், நாட்டுக்கு ஆடும் பெண் பிழைப்புக்கு என்ன செய்கிறாள்? இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். சியாங் மாயில் இரண்டு கோல்களையும் போட்ட வங்காளத்துச் சங்கீதா பாஸ்போர் எல்லைக் காவல் படையில் வேலை பார்த்தவர். காக்கி வேலை கௌரவமான வேலைதான். ஆனால் காக்கி கிடைக்காதவளுக்கு? பந்தாட்டத்தை நம்பி மட்டும் ஒரு பெண் நம் நாட்டில் அரிசி வாங்க முடியாது என்பதுதானே இதன் பொருள்!

2023-இல் சம்மேளனம் ஒரு விதி அறிவித்தது: முதல் நிலை லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுடன் ஒப்பந்தம் செய்து, வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மாதம் சுமார் 26 ஆயிரத்து 600 ரூபாய். இது வரவேற்கத்தக்கது. ஆனால் பதினோராவது ஆட்டக்காரி என்ன பாவம் செய்தாள்? இரண்டாம் நிலைக் கிளப்பில் ஆடுகிறவள் என்ன பாவம் செய்தாள்? குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எத்தனை காகிதத்தில் இருக்கிறது, எத்தனை ஆலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கேட்க ஆளும், பார்க்கக் கண்ணும் இல்லாத விதி வெறும் காகிதமே.

கேம்ப் கூலி

நம் தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தமே உண்டு.

ஆட்டக்காரிகளைப் பயிற்சிக்குக் கூட்டி வைக்கும் இடத்துக்குக் கேம்ப் என்று பெயர். நூல் மில்லின் விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கும் பெண்களுக்கும் நம் ஜில்லாக்களில் கேம்ப் கூலி என்றுதான் பெயர். சேலம், நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் பகுதி மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வந்ததே, அதன் கணக்கு என்ன? மூன்று வருஷம் வேலை செய். மாதம் கொஞ்சம் கையில் தருவோம். மீதியைக் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம். நடுவில் நோய் வந்து வெளியேறினால், மேஸ்திரியோடு வாக்குவாதம் என்று வெளியே அனுப்பினால், மொத்தத் தொகை அம்போ! அவள் சம்பாதித்த பணத்தையே அவளுக்குத் திருமண உதவி என்று பெயர் சூட்டிக் கொடுத்தார்கள்.

அபுஜா ஓட்டலில் உட்கார்ந்த பெண் கேட்டதும் இதைத்தான். என் உழைப்பின் பணத்தை உன் பையில் வைத்துக்கொண்டு, உனக்கு வசதிப்பட்ட நாளில், உனக்கு வசதிப்பட்ட பெயரில் கொடுக்காதே. வேலை முடிந்த நாளில், கூலி என்ற பெயரிலேயே கொடு!

தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; ஊருக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு உலை வைக்குமா? உளி பிடித்தவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. பெருமையைப் பங்கு போட எல்லாரும் வருவார்கள். பணத்தைப் பங்கு போடும்போதுதான் உழைத்தவனை வெளியே நிறுத்துவார்கள்.

கனவான்களின் வாதம்

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை, வருமானம் இல்லை, வருமானம் இல்லாத இடத்தில் கூலி எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள்.

18 மாதம் கடையைப் பூட்டி வைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று சொல்கிறவனை என்னவென்பது? ஆட்டமே நடத்தாமல் கூட்டம் எங்கிருந்து வரும்? 1920-இல் 53 ஆயிரம் பேர் வந்தார்களே, அந்தக் கூட்டத்தைக் கலைத்தது யார்? கூட்டம் வராததால் தடை போடவில்லை. கூட்டம் வந்ததால்தான் தடை போட்டார்கள்! ஆலை லாபத்தில் ஓடும்போது பங்கு கேட்டால், அது முதலாளியின் மூளை. நஷ்டம் என்றால், அது தொழிலாளியின் வயிறு. இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொண்டதில்லை. பந்து மைதானத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இன்னொரு வாதம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கிறது. வயசுக்கு வந்த பெண் அரை டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதா என்கிறார்கள். தோழர்களே, இதில் நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறோம். ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம் பழமும் தேடி வாங்கிப் போடுகிற ஊர் நம் ஊர். அந்த வீட்டிலேயே பெண் பிள்ளைக்கு ஒரு முட்டை கொடுக்க யோசிக்கிறோம். பையன் பந்து உதைத்தால் சந்தோஷம். பெண் உதைத்தால் அடக்கமில்லாதவள். விடியுமுன் மில் வேனில் ஏற்றி அனுப்பும்போது வராத மானக் கவலை, மாலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

கூலிக்கு ஓடலாம், தனக்காக ஓடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதை நாம் ஏன் வீட்டுக்குள் அமல் நடத்த வேண்டும்?

நாம் கேட்பது என்ன?

நம் கோரிக்கைகள் எளியவை.

1. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் கிளப்புக்கும் ஆடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். மாதச் சம்பளம், ஆட்டப்படி, காயத்துக்குச் சிகிச்சை, காயக் காலச் சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

2. அறிவித்த குறைந்தபட்சத் தொகையைப் பத்துப் பேருக்கு என்று நிறுத்தாமல், அணி முழுவதற்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காத கிளப்பை லீக்கில் சேர்க்கக் கூடாது.

3. ஆட்டக்காரிகள் தங்கள் சங்கம் அமைக்கும் உரிமையைச் சம்மேளனம் அங்கீகரிக்க வேண்டும். மானபங்கப் புகார்களை விசாரிக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறபடி, பெண் தலைமையில் குழு வேண்டும்.

4. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெண் பிள்ளைகள் மாலையில் விளையாட மைதானமும் பந்தும் கழிப்பறையும் வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். பெண் ஆசிரியர்களையும் நியமிக்க வேண்டும்.

5. நூல் மில்களில் எட்டு மணி நேர வேலை, மாதாமாதம் முழுக் கூலி, வார விடுமுறை. விடுதியிலிருந்து வெளியே போய்வரத் தடை கூடாது.

ஐந்தாவது கோரிக்கையும் பந்தாட்டக் கோரிக்கைதானா என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நூல் முடிச்சுப் போட்ட கால் பந்தை உதைக்காது. பிரஸ்டன் தொழிற்சாலைப் பெண்களுக்குச் சாப்பாட்டு வேளை என்று ஒன்று இருந்ததால்தான் அந்த அணியே பிறந்தது.

நைஜீரியப் பெண்கள் நமக்குக் காட்டிய பாடம் ஒன்று உண்டு. அவர்கள் தோற்ற நாளில் மட்டும் உட்காரவில்லை; ஜெயித்த நாளிலும் உட்கார்ந்தார்கள். கையில் கோப்பை இருக்கும்போதே பாக்கியைக் கேட்டார்கள். தேசத்தின் கௌரவத்தைக் கெடுக்காதே என்று சொன்னவர்களிடம், கௌரவத்தைக் கொண்டுவந்தவர்களே நாங்கள்தான் என்று கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்கள் ஒருத்தியாகப் போய்க் கேட்கவில்லை, அணியாகக் கேட்டார்கள். பதினொரு பேர் சேர்ந்து ஆடக் கற்றவர்களுக்கு, சேர்ந்து உட்காரவும் தெரிந்திருந்தது.

மில் விடுதியில் இருக்கும் பெண்ணும், மரவள்ளிக் காட்டில் இருக்கும் பெண்ணும், கடலூர் மைதானத்தில் இருக்கும் பெண்ணும் ஓர் அணிதான். எதிரே நிற்பவனும் ஒருவன்தான். மாலை போட வருகிறவனிடம் மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தையும் கேளுங்கள்.

பரிசு அவர்கள் தயவு. பாக்கி நம் உரிமை. பாக்கியைக் கொடு!